'சார்ஜ்' என்றால் என்ன? தெரிந்துகொள்வோம்!



"செல்லுல சார்ஜ் இல்லக்கா" என்று சொல்லாதவர் நம்மில் யாரும் இல்லை. பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசையும் பஸ் சார்ஜ் என்றுதான் சொல்லிவந்தோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-ல் வந்த பிறகு அந்தப் பேச்சு கொஞ்சம் குறைந்தது. இப்படி நாம் சாதாரணமாகப் பேசுகிற வார்த்தைதான் இந்த மாதப் பாடம். ஏன் என்றால், இதே வார்த்தை நம் உறுப்பினர் ஒருவரை ஏழு மாதம் அலைய வைத்துவிட்டது.

அந்தச் சகோதரி நிலப் பத்திரத்தை வங்கியில் வைத்து, வீடு கட்டக் கடன் வாங்கியிருந்தார். ஆடு வளர்த்து, சீட்டுப் போட்டுக் கடைசித் தவணையையும் கட்டி முடித்தார். பத்திரம் கைக்கு வந்தது. "சார்ஜ் எடுக்கணும்மா, அடுத்த வாரம் வாங்க" என்றார் அங்கிருந்த அலுவலர். அப்போதுதான் அந்தக் கிளைக்குப் புது மேனேஜர் வந்திருந்தார். அவர் இன்னும் பொறுப்பு ஏற்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்த நம் சகோதரி, பத்திரம்தான் வந்துவிட்டதே என்று வீட்டோடு இருந்துவிட்டார். மகள் கல்யாணத்துக்கு நிலத்தில் ஒரு பகுதியை விற்கப் போனபோது வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால், கடன் அப்படியே நிற்கிறது! வாங்க வந்தவர் பின்வாங்கிவிட்டார். அலுவலர் சொன்னது மேனேஜரைப் பற்றி அல்ல, நிலத்தின் மேல் இருந்த கடன் பொறுப்பை நீக்குவதைப் பற்றி. சார் பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிவான பிறகுதான் விஷயம் தீர்ந்தது.

தப்பு அவர் மேல் இல்லை. 'சார்ஜ் எடுத்தார்' என்றால் பொறுப்பு ஏற்றார் என்றுதான் நாமும் புரிந்துகொள்வோம். விளக்கிச் சொல்லாதவரைத்தான் நாம் குறை சொல்ல வேண்டும்.

சரி, ஒரே வார்த்தைக்கு ஏன் இத்தனை அர்த்தம்? இதன் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. வண்டியில் பாரம் ஏற்றுவது என்று பொருள். கார் என்ற சொல்லும் இதே குடும்பம்தான். பாரம் ஏற்றுவது என்பதை மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். செல்லில் ஏற்றுவது மின்சாரம். அதிகாரி தலையில் ஏறுவது பொறுப்பு, அவர்தான் இன்சார்ஜ். நிலத்தின் மேல் ஏறுவது கடன். நம் கணக்கில் ஏற்றுவது கட்டணம். போலீஸ் ஒருவர் மேல் ஏற்றுவது குற்றச்சாட்டு, அதுதான் சார்ஜ் ஷீட். சார்ஜ் ஷீட் போட்டாலே தண்டனை கிடைத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது, வழக்கு அதற்குப் பிறகுதான் நடக்கும். லத்தி சார்ஜ் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. அங்கே பாய்வது என்று அர்த்தம்.

ஏற்றிய பாரத்தை இறக்கினால் டிஸ்சார்ஜ். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதும் அதுதான். ஆனால் நர்ஸம்மா "டிஸ்சார்ஜ் இருக்கா?" என்று கேட்டால் வெள்ளைப்படுதலைக் கேட்கிறார். "நாளைக்குத்தான் அனுப்புவாங்களாம்" என்று பதில் சொன்ன கதை நம் கூட்டமைப்பிலும் உண்டு. சிரிப்பு வந்தாலும், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டால் வைத்தியம் தவறிப் போகும்.

இனி பணத்துக்கு வருவோம். முன்னுரிமைக் கடன்களில் ரூ.50,000 வரை சேவைக் கட்டணம், ஆய்வுக் கட்டணம் எதுவும் வசூலிக்கக் கூடாது என்பது 2025 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு முன்பு இது ரூ.25,000 ஆக இருந்தது. குழுக் கடனுக்கு இந்த வரம்பு ஒரு உறுப்பினருக்கு என்ற கணக்கு, மொத்தக் குழுவுக்கும் சேர்த்து அல்ல. வாழ்வாதார இயக்கத்தின் கீழ் குழுவுக்குக் கொடுக்கும் கடனில் ரூ.10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கையும் முடக்கி வைக்கக் கூடாது.

வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இன்னொன்று. கடன் முழுசும் அடைந்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பித் தந்து, பதிவான சார்ஜையும் நீக்கிவிட வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இந்த விதி இருக்கிறது. நம் சகோதரிக்கு அப்போது இது தெரியாது. எங்களுக்கும் அவர் அலைந்த பிறகுதான் தெரிந்தது.

இந்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஊக்குநர்கள் குழுவின் பாஸ்புக்கை வரவு வைத்து எடுத்து வாருங்கள். சி, எச், ஏ, ஆர், ஜி, இ என்ற எழுத்துகள், அல்லது சுருக்கமாக சி, எச், ஜி என்று அச்சாகியிருக்கும் வரிகளைப் பென்சிலால் சுழித்து வையுங்கள். எது எதற்காகப் பிடித்தார்கள் என்று உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். புரியாத வரிகளைத் தனித் தாளில் தேதியோடு எழுதி, பிரதிநிதிகள் இருவரும் கையெழுத்துப் போட்டுக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள். வங்கிக்கு எழுதிக் கேட்டுப் பதில் வாங்கித் தருகிறோம்.