எடை குறைந்த வண்டிகளின் பந்தயம்: திண்டிவனத்துத் தம்பிக்கு ஒரு கடிதம்

விழுப்புரம்



பன்னாட்டு மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் புதிய பருவம் தொடங்கவிருக்கும் வேளையில் நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் மோட்டோ ஜிபி என்னும் உச்சப் பிரிவைப் பற்றியே பேசுவது வழக்கம். மணிக்கு 350 கிலோமீட்டரைத் தாண்டும் வண்டிகள் என்பதால் எல்லார் கண்ணும் அவற்றின் மீதே இருப்பதில் வியப்பில்லை. ஆயினும், பந்தயத் திறமை எங்கே முளைவிடுகிறது என்று அறிய விரும்பும் இளைஞர் பார்க்க வேண்டியது, அதே ஞாயிற்றுக்கிழமை, அதே தடத்தில், உச்சப் பிரிவுக்கு முன்பே ஓடி முடிந்துவிடும் மோட்டோ 3 பந்தயத்தையே ஆகும். 1949இல் உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கியபோதே 125 சிசி, 250 சிசி என்று சிறிய எஞ்சின்களுக்குத் தனிப் பிரிவுகள் இருந்தன. 2011உடன் 125 சிசி டூ ஸ்ட்ரோக் பிரிவு முடிவுக்கு வர, 2012 முதல் அதன் இடத்தை 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளைக் கொண்ட மோட்டோ 3 பிடித்துக்கொண்டது. சிசி என்பது எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் நகரும் இடத்தின் கொள்ளளவு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒருமுறை எரிபொருள் வெடித்து விசை பிறக்கும், ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறைதான் பிறக்கும்.

இப்பிரிவின் விதிப்புத்தகத்தைப் படிப்பவருக்கு, வண்டியை வேகமாக்குவதைவிட ஒரு வண்டி மற்றொன்றைவிட வேகமாகிவிடாமல் பார்த்துக்கொள்வதே அதன் நோக்கம் என்பது விரைவிலேயே புலப்படும். எஞ்சினுக்கு ஒரே சிலிண்டர்; அச்சிலிண்டரின் விட்டம் 81 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது; சுழற்சி நிமிடத்துக்கு 13,500உடன் நின்றுவிட வேண்டும். விட்டம் கூடினால் பிஸ்டன் நகரும் தூரம் குறைந்து, எஞ்சின் இன்னும் வேகமாகச் சுழலும், விசையும் கூடும், செலவும் கட்டுக்கடங்காமல் போகும் என்பதால்தான் விட்டத்துக்கே கடிவாளம் போடப்பட்டது. வண்டியோடு, முழு உடையணிந்த வீரரையும் சேர்த்து நிறுத்தே எடை பார்க்கப்படுகிறது. 152 கிலோவுக்குக் குறையக்கூடாது என்பது இப்பிரிவில் நெடுங்காலம் நிலவிய விதி. திண்டிவனம் தெருக்களில் ஓடும் யமஹா ஆர் 15 தனியாகவே ஏறத்தாழ 140 கிலோ எடையும் 18 குதிரைத்திறனும் உடையது. மோட்டோ 3 வண்டியோ ஆளையும் சேர்த்து அதைவிடச் சற்றே கனமாக இருந்துகொண்டு, ஏறக்குறைய 60 குதிரைத்திறனைத் தருகிறது.

இத்தனை வரம்புகளின் விளைவுதான் இப்பந்தயத்தின் அழகு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்பெருக்கத்தில் வளர்வதால், வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமாயின் காற்றை வெல்வதற்கு எட்டு மடங்கு திறன் தேவைப்படுகிறது. ஆகவே மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் சிறிய எஞ்சினின் திறனில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. முன்னால் செல்லும் வண்டி காற்றைக் கிழித்துக் கொடுக்கும்போது, அதன் பின்னால் ஒட்டி வரும் வண்டிக்கு எதிர்ப்பு குறைகிறது. இதற்கு ஸ்லிப்ஸ்ட்ரீம் என்று பெயர். திண்டிவனம்–விழுப்புரம் நெடுஞ்சாலையில் அரசு விரைவுப் பேருந்தின் பின்னால் வண்டி ஓட்டியவர்களுக்கு, நெஞ்சில் அறைந்துகொண்டிருந்த காற்று சட்டென்று அடங்குவது தெரிந்திருக்கும், நடப்பது அதுவேதான். (பேருந்தின் பிரேக் விளக்கு எரிவதற்கும் மோதலுக்கும் இடையே அங்கே இருப்பது அரை நொடி என்பதால், சோதித்துப் பார்க்கத் தக்கது அன்று.) எல்லா எஞ்சின்களும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் பிரிவில் இவ்விளைவின் காரணமாக யாராலும் எளிதில் பிரிந்து ஓடிவிட முடிவதில்லை, பத்துப் பதினைந்து வண்டிகள் ஒரே கொத்தாகத் தடத்தைச் சுற்றிவருகின்றன, கடைசி வளைவுக்குப் பின் நீண்ட நேர்பாதை இருக்கும் தடங்களில் முதலாவதாக வெளிவருபவர் பின்னால் வருபவரிடம் தோற்றுப்போகவும் கூடும். 2024இல் கொலம்பியக் கொடியின் கீழ் ஓடிய டேவிட் அலோன்சோ இத்தகைய பிரிவில் ஒரே பருவத்தில் 14 பந்தயங்களை வென்றது அதனால்தான் அரிய செயலாகப் போற்றப்படுகிறது.

இதே விளைவு வேடிக்கையான ஒரு சிக்கலையும் உண்டாக்கியிருக்கிறது. தொடக்க வரிசையில் யார் எங்கே நிற்பது என்பதைத் தீர்மானிக்கும் தகுதிச்சுற்றில், தமக்கு முன்னால் காற்றைக் கிழிக்க யாராவது வரமாட்டார்களா என்று வீரர்கள் தடத்தில் மெல்ல உருட்டிக்கொண்டு காத்திருப்பர். எல்லாரும் காத்திருப்பதால் ஒருவரும் முன்னே போவதில்லை. இப்படித் தேங்கி நிற்பவர்களுக்குத் தண்டனை உண்டு. 2019இல் அறிமுகமான லாங் லேப் தண்டனை அவற்றுள் ஒன்று: பந்தயத்தின்போது குறிப்பிட்ட வளைவில் வெளிப்புறமாக வரையப்பட்ட நீண்ட பாதையில் சுற்றிவந்து சில நொடிகளை இழக்க வேண்டும்.

அழகு எந்தக் கொத்தில் இருக்கிறதோ, ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. 2021இல் முகெல்லோ தடத்தில் 19 வயது ஜேசன் டூப்பாஸ்கியேவும், அரகோனில் 14 வயது ஹியூகோ மில்லானும், ஹெரெஸில் 15 வயது டீன் பெர்ட்டா வின்யாலெஸும் உயிரிழந்தனர். மூவருமே கீழே விழுந்தபின் பின்னால் வந்த வண்டிகளால் மோதப்பட்டவர்கள். கவச உடையும், விழும்போது தானே விரியும் காற்றுப்பையும் விழுந்த அடியைத் தாங்கும். பின்னால் வரும் வண்டியைத் தாங்கா. அந்த ஆண்டுக்குப் பின், உலகச் சாம்பியன்ஷிப்பில் ஓடுவதற்கான குறைந்தபட்ச வயது 2023 முதல் 18 ஆக உயர்த்தப்பட்டது. குறிப்பிட்ட இளையோர் தொடர்களில் முன்னிலை பெற்றவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தமிழ்நாடும் இத்துயரத்துக்கு அப்பாற்பட்டதன்று: 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசியப் போட்டியில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். வயது வரம்பைத் தடையாக எண்ணிச் சலித்துக்கொள்ளும் இளையோர் இந்த வரிசையை அறிந்திருப்பது நல்லது.

இருங்காட்டுக்கோட்டை என்ற பெயர் இங்கே தற்செயலாக வரவில்லை. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சோழவரம் விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியபின், ஸ்ரீபெரும்புதூர் அருகேயுள்ள அவ்வூரில் சொந்தமாகத் தடம் அமைத்தது. 1990இல் திறக்கப்பட்ட அத்தடத்தின் நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்து செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் வழியாகக் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். தேசியச் சாம்பியன்ஷிப்பில் 165 சிசி வண்டிகளுக்குத் தனிப் பிரிவும், பெண்களுக்குத் தனிப் பந்தயமும் உண்டு. இங்கிருந்து மேலே செல்லும் படிக்கட்டும் தெளிவாகவே இருக்கிறது: ஆசியச் சாலைப் பந்தயச் சாம்பியன்ஷிப்பின் 250 சிசி பிரிவில் தமிழ்நாட்டின் ராஜீவ் சேதுவும் செந்தில்குமாரும் 2019இல் ஹோண்டாவின் இந்திய அணிக்காக ஓடினர், 2014இல் தொடங்கிய ஆசியத் திறனாளர் கோப்பையில் பயன்பட்ட ஹோண்டா என்எஸ்எஃப் 250 ஆர், மோட்டோ 3 விதிகளையொட்டி உருவான வண்டி. சென்னையைச் சேர்ந்த சரத்குமார் 2011இல் 125 சிசி உலகப் பிரிவிலேயே இடம்பெற்றார். அதற்குப் பின் அந்த இடத்தில் தமிழ்நாட்டுப் பெயர் நிலைத்து நிற்காததற்குக் காரணம் துணிவின்மை அன்று. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் சிறுவர்கள் பத்து வயதுக்கு முன்பே குட்டி வண்டிகளில் மூடிய தடத்தில் பழகத் தொடங்குகின்றனர், இங்கோ பெரும்பாலோர் ஓட்டுநர் உரிமம் பெற்ற பிறகுதான் தடத்தையே பார்க்கின்றனர். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும் இரவில் பந்தயம் கட்டும் இளைஞர்கள் இந்த இடைவெளியை நிரப்பிக்கொள்வதாக எண்ணலாம்; நேர்சாலையில் ஆக்சிலரேட்டரை முறுக்குவதனால் வளைவில் வண்டியைச் சாய்க்கும் கலை ஒரு துளியும் கைகூடாது.

வரும் பருவத்தைப் பின்தொடரும்போது, வெற்றியாளருக்கு 25, இரண்டாமவருக்கு 20, மூன்றாமவருக்கு 16 என்று பதினைந்தாம் இடம் வரை இறங்கிச் செல்லும் புள்ளிப் பட்டியல் மட்டும் போதாது தம்பி. ஒவ்வொரு தடமும் நான்கு செக்டார்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் வீரர் எடுத்துக்கொண்ட நேரம் தனித்தனியே வெளியிடப்படுகிறது. நேர்பாதை அதிகமுள்ள செக்டாரில் ஒருவர் மின்னினால், அவர் முன்னால் யாரோ காற்றைக் கிழித்துக் கொடுத்திருக்கக்கூடும். வளைவுகள் நிறைந்த செக்டாரில், முன்னால் எவரும் இல்லாத சுற்றில், ஒருவரின் நேரம் தொடர்ந்து குறைவாக இருந்தால், அந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். புள்ளிப் பட்டியலில் அவர் அப்போது பன்னிரண்டாம் இடத்தில் இருந்தாலும் சரி.