இரவல் நூலும் உரிமைச் சிந்தனையும்

நூல்கள் சிலர் இல்லங்களில் மட்டுமே இருந்த காலம் ஒன்று உண்டு. ஏட்டுச் சுவடி ஒன்றைக் காண்பதற்காக ஊர் ஊராய் அலைந்த புலவர் பலர். பின்னர் நிலை மாறிற்று. 1948ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பயனாக மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுக்கள் தோன்றின. சிற்றூர்களிலும் கிளை நூலகங்கள் எழுந்தன. சீகாழியிற் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன், 1931இல் வெளிவந்த தம் நூலில், பயன்படுவதற்காகவே நூல்கள் உள்ளன என்பதை நூலக இயலின் முதல் விதியாக வகுத்தார். இங்ஙனம் நூல்கள் எளிதிற் கிடைக்கின்றன. ஆயினும், கிடைத்த நூல் பயன்பட்டதா என்பது வேறு வினா. அதற்குரிய விடை படிப்பவரிடத்தே உள்ளது.

சிற்றூர்க் கிளை நூலகம் ஒன்றுக்கு நாள்தோறும் செல்லும் முதியவர் ஒருவர் இருக்கிறார். அவர் அஞ்சல் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நூலகம் திறக்கும் வேளையில் வாயிலில் நிற்பவர் அவரே. ஒரு நாள் அண்டை வீட்டுச் சிறுவன், "தாத்தா, நேற்றுத் திருப்பிக் கொடுத்தீர்களே, அந்தப் புத்தகத்தில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று வினவினான். "நல்ல புத்தகம், அப்பா" என்றார் பெரியவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல அவருக்கு இயலவில்லை. சிறுவன் சற்று நேரம் காத்திருந்து, விளையாடப் போய்விட்டான். படித்து முடித்துப் பத்து நாள் ஆகாத நூல் நெஞ்சில் ஒரு சுவடும் வைக்காமல் மறைந்தது கண்டு முதியவர் வருந்தினார். அன்று மாலையே குறிப்பேடு ஒன்று வாங்கினார். இடப்பக்கத்தில் நூல் கூறுவதையும், வலப்பக்கத்தில் அதுபற்றித் தமக்குத் தோன்றுவதையும் எழுதத் தொடங்கினார். அண்மையில் அவர் படித்த நூல்கள் மூன்று. அவற்றைப் பற்றி அவர் எழுதியவை நாமும் எண்ணத் தக்கவை.

முதலாவது, உ. வே. சாமிநாதையர் எழுதிய 'என் சரித்திரம்.' 1880ஆம் ஆண்டிற் கும்பகோணத்தில் ஐயர் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் புராணங்களையும் ஐயர் அடுக்கிக் கூறினார். முதலியார் அவற்றால் நிறைவு கொள்ளவில்லை. சீவகசிந்தாமணி முதலிய பழைய நூல்களைக் கற்றதுண்டா என்று வினவினார். ஐயர் அந்நூலை அதுவரை கண்டதும் இல்லை. அவ்வொரு வினா அவர் வாழ்க்கையின் போக்கையே மாற்றியது. 1887இற் சிந்தாமணி அவர் பதிப்பாக வெளிவந்தது. 1892இற் சிலப்பதிகாரமும், 1894இற் புறநானூறும் தொடர்ந்தன. இதனைப் படித்த முதியவர், "பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவருக்கே கல்லாத நூல் இருந்தது. அதனை அவர் மறைக்கவில்லை; தேடிச் சென்றார். நான் படித்த நூல்களை எண்ணி மகிழ்கின்றேன், படியாதவற்றை எண்ணியதே இல்லை" என்று வலப்பக்கத்தில் எழுதினார். அன்றுமுதல் குறிப்பேட்டின் கடைசித் தாளில், இனிப் படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் ஒன்று வளரலாயிற்று.

இரண்டாவது, காந்தியடிகளின் 'சத்திய சோதனை.' 1904ஆம் ஆண்டில் அடிகள் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் புகைவண்டியிற் புறப்பட்டார். வழியிற் படிக்குமாறு நண்பர் போலக் கொடுத்த நூல், ரஸ்கின் என்னும் ஆங்கில அறிஞர் இயற்றியது. படிக்கத் தொடங்கிய அடிகள் அதனைக் கீழே வைக்கவில்லை. அன்றிரவு அவருக்கு உறக்கமும் வரவில்லை. உழவன், தொழிலாளி ஆகியோர் வாழ்வே வாழத்தக்க வாழ்வு என்னும் உண்மை அவர் உள்ளத்திற் பதிந்தது. அவ்வாண்டிலேயே டர்பனுக்கு அண்மையிற் பீனிக்ஸ் பண்ணை தோன்றிற்று. இதுபற்றி முதியவர் ஓர் ஐயத்தை எழுதினார்: "அந்நூலைப் படித்தவர் பல்லாயிரவர் இருப்பர். பண்ணை அமைத்தவர் எத்துணைப் பேர்? ஆற்றல் நூலில் உள்ளதா, படிப்பவரிடத்தில் உள்ளதா?" அடுத்த நாள் விடையையும் அவரே எழுதினார்: "தம் உள்ளத்தில் முன்னரே ஊன்றியிருந்த கொள்கைகளை அந்நூலிற் கண்டதாக அடிகள் கூறுகின்றார். விதை நல்லதாயினும் உழாத நிலத்தில் முளையாது."

மூன்றாவது, அறிவியல் அறிஞர் மைக்கேல் பாரடேயின் வாழ்க்கை வரலாறு. 1791இல் இங்கிலாந்தில் ஒரு கொல்லர் மகனாகப் பிறந்த பாரடே, பதினான்காம் வயதில் இலண்டனில் நூல் கட்டும் தொழில் பயிலச் சேர்ந்தான். கட்டுவதற்கு வந்த நூல்களை அவன் படிக்கவும் செய்தான். கலைக்களஞ்சியம் ஒன்றில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்து, சிறு சோதனைகளைத் தானே செய்து பார்த்தான். 1812இல் வேதியியல் அறிஞர் டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. கேட்டவற்றையெல்லாம் படங்களுடன் எழுதி, அழகிய நூலாகத் தானே கட்டி, டேவிக்கு அனுப்பினான். மறு ஆண்டு அவருக்கு உதவியாளன் ஆனான். அந்த இளைஞரே 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். முதியவரின் குறிப்பு இது: "அவர் கட்டிய நூல்கள் எல்லாம் பிறர்க்குரியவை. தாமே எழுதிக் கட்டிய நூல் ஒன்றே அவரை உயர்த்தியது."

இம்மூன்று குறிப்புகளையும் ஒருங்கு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். நூலக நூல் இரவற் பொருள்; குறித்த நாளில் அதனைத் திருப்பித் தருதல் வேண்டும். அடுத்து வரும் ஒருவருக்கும் அது உரியதன்றோ? ஆனால் அந்நூல் நம்முள் எழுப்பிய வினாவும், அதற்கு நாம் தேடிக் கண்ட விடையும் திருப்பித் தர வேண்டாதவை. அவை நமக்கே உரிமையானவை. எத்தனை நூல் படித்தோம் என்று கணக்கிடுதல் எளிது. ஒரு நூலைப் படித்தபின் நாம் எண்ணியது யாது என்று நாலு வரி எழுதுதல் அரிது. அரிதாயினும் பயன் தருவது அதுவே.

அண்டை வீட்டுச் சிறுவன் இப்போது முதியவருடன் நூலகத்துக்குச் செல்கின்றான். அவன் கையிலும் ஒரு குறிப்பேடு இருக்கிறது. அதன் வலப்பக்கத்தை அவர் படித்துப் பார்ப்பதில்லை. அதில் ஏதேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டுமே பார்க்கின்றார்.