ஒரு படத்திற்கு ஒரு ரூபாய்

குடியிருப்பில் நடைபெற்ற பொங்கல் விழாவில் நீங்கள் எடுத்த ஒளிப்படங்களைக் கண்ட அண்டை வீட்டார், “எங்கள் இல்லத் திருமணத்திற்கும் நீயே படம் எடுத்துக் கொடு, உரிய தொகையைத் தருகிறோம்” என்று கேட்பதாகக் கொள்வோம். அத்தொகையைப் பெறலாமா? பொழுதுபோக்கு எவ்விடத்தில் தொழிலாக மாறுகிறது?

இந்தியாவின் முதல் பெண் செய்தி ஒளிப்படக் கலைஞர் எனப் போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா, 1913இல் இன்றைய குஜராத்தைச் சேர்ந்த நவ்சாரியில் பிறந்தார். பம்பாயின் ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்றார். ஒளிப்படக் கலையைப் பின்னாளில் தம் கணவரான மானெக்ஷாவிடம் கற்றார். மகளிர் மன்றத்தாரின் இன்பச் சுற்றுலா ஒன்றில் இவர் எடுத்த படங்களைப் ‘பாம்பே கிரானிகல்’ நாளிதழ் வெளியிட்டது; படம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் வழங்கியது. தொகை சிறிது. ஆனால், அதனைக் கொடுத்தவர் உற்றாரோ நண்பரோ அல்லர். உறவினர் நம் படங்களைப் புகழ்வது பெரும்பாலும் நம்மீது கொண்ட அன்பினால்தான். நம்மை அறியாத ஒருவர் தம் தேவைக்காக அப்படத்தை விலை கொடுத்துப் பெறும்போதே அதன் தகுதி வெளிப்படுகிறது.

வியாரவாலா 1942இல் தில்லிக்குக் குடிபெயர்ந்து, விடுதலைக் காலத் தலைவர்கள் பலரைப் படம்பிடித்தார். 2011இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். ‘டால்டா 13’ என்பது இவருடைய புனைபெயர். பிறந்த ஆண்டு, கணவரை முதன்முதல் சந்தித்த வயது, முதல் மகிழுந்தின் எண் ஆகிய மூன்றிலும் 13 இருந்ததே அதற்குக் காரணம்!

நூறு படங்களுள் ஒன்று தற்செயலாக அழகுற அமைவது எவர்க்கும் இயலும். கட்டணம் பெறுபவர் தற்செயலை நம்பியிருத்தல் இயலாது. திருமணத்தையே எடுத்துக்கொள்வோம். தாலி கட்டும் கணம் சில நொடிகளே நீடிக்கும். கெட்டிமேளம் முழங்கியவுடன் அனைவரும் எழுந்து அட்சதை தூவுவர். ஒருவருடைய கை காட்சியை மறைக்கும். ஓமப்புகை கண்ணைக் கரிக்கும். விளக்கொளியோ ஒருபுறம் மஞ்சளாகவும் மறுபுறம் வெண்மையாகவும் இருக்கும். “மீண்டும் ஒருமுறை கட்டுங்கள்” என்று மணமகனிடம் கேட்க இயலுமா? எங்கு நின்றால் காட்சி மறையாது என்பதை முன்னரே கண்டறிந்திருத்தல் வேண்டும். ஒளி குறைந்த மண்டபத்தில் கேமராவின் திரை நெடுநேரம் திறந்திருந்தால், அசையும் கைகள் கலங்கித் தெரியும். அதனைத் தவிர்க்கும் பழக்கம், எண்ணிப் பாராமலே விரல்களுக்கு வருதல் வேண்டும். மாற்று மின்கலமும் மற்றொரு நினைவக அட்டையும் பையில் இருத்தல் வேண்டும். அன்றிரவே படங்களை வேறோரிடத்தில் படியெடுத்து வைத்தலும் வேண்டும். விலையுயர்ந்த கேமரா இவற்றுள் எதனையும் நமக்காகச் செய்து தராது.

ஆகவே, முதல் வேலையாகத் திருமணத்தை ஏற்பது தகாது. தேர்ந்த கலைஞர் ஒருவருக்கு உதவியாளராகச் சில திருமணங்களுக்குச் சென்றுவருதல் நன்று. கட்டணம் பெறத் தொடங்குவதற்குப் பிறந்தநாள் விழா ஏற்றது. கேக்கை இரண்டாம் முறை வெட்டச் சொன்னாலும் குழந்தைகள் மறுக்கமாட்டார்கள்!

பணம் கைமாறும்போது உரிமையும் மாறக்கூடும் என்பதைப் பலர் அறியார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. நீங்கள் உங்கள் விருப்பத்திற்காக எடுத்த படத்தின் முதல் உரிமையாளர் நீங்களே. ஒருவர் கேட்டுக்கொண்டு, பணம் கொடுத்து எடுக்கச் செய்த படத்திற்கோ, வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, அவரே முதல் உரிமையாளர் ஆவார். அப்படத்தைப் போட்டிக்கு அனுப்பவோ விளம்பரத்தில் காட்டவோ விரும்பினால், அதற்கான இசைவை முன்னரே எழுத்தில் பெறுதல் வேண்டும். எத்தனை படங்கள், எந்நாளுக்குள், முன்பணம் எவ்வளவு என்பனவும் அத்தாளில் இடம்பெறட்டும். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. எனவே, பள்ளி மாணவருக்கு இத்தகைய வேலை வந்தால், பெரியவர் ஒருவரே உடன்படிக்கையில் கையொப்பமிடுதல் வேண்டும்.

சொற்பொருள்
உற்றார் – உறவினர்
இசைவு – சம்மதம்
உடன்படிக்கை – ஒப்பந்தம்

விடை எழுதுக
1. நாளிதழ் கொடுத்த ஒரு ரூபாய்க்கும் உறவினரின் பாராட்டுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. அண்டை வீட்டாருக்கு நீங்கள் என்ன விடை கூறுவீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுக.