கடை யாருடையது, மனை யாருடையது?

வாடகைக் கட்டடத்தில் தொழில் நடத்தும் நம் உறுப்பினர்கள், கடை வேறு, கடை நிற்கும் மனை வேறு என்பதை மறக்கலாகாது. இதை விளக்க லண்டன் நகரத்திலிருந்து ஒரு கணக்கை எடுத்துக்கொள்கிறேன். செல்சி என்னும் கால்பந்துக் கழகத்தின் கதை இது. என் பேரன் அந்தக் கழகத்தின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடுராத்திரி வரை டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பான். எனக்குப் பந்தாட்டம் புரியாது. பத்திரம் புரியும்.

கஸ் மியர்ஸ் என்பவர் 1904-ல் ஸ்டாம்போர்டு பிரிட்ஜ் மைதானத்தை வாங்கினார். அருகிலிருந்த ஃபுல்ஹாம் கழகத்தை அங்கே வந்து ஆடும்படி அழைத்தார். வாடகை படியவில்லை. மைதானம் சும்மா கிடக்க வேண்டாம் என்று 1905-ல் புதிதாக ஒரு கழகத்தையே தொடங்கிவிட்டார். கட்டடத்துக்கு ஆள் வராததால் தானே அதில் கடை போட்டவர் கதைதான்.

1970-களில் பார்வையாளர்களுக்காகக் கிழக்குப் பக்கம் பெரிய மாடம் ஒன்று கட்டப்போய்க் கழகம் கடனில் மூழ்கியது. 1982-ல் கென் பேட்ஸ் என்பவர் கழகத்தை ஒரே ஒரு பவுண்டுக்கு, கடனோடு சேர்த்து வாங்கினார். ஆனால் மனை அதில் சேரவில்லை. அது வேறொரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அந்நிறுவனம் நில வியாபாரிகள் கைக்குப் போயிற்று. அவர்கள் கண்ணுக்கு அது மைதானமாகத் தெரியவில்லை. லண்டனில் விலைபோகும் மனையாகத்தான் தெரிந்தது. ரசிகர்கள் நிதி திரட்டினார்கள், வழக்குகள் நடந்தன. நல்ல காலம், மனை விலை சரிந்து 1992-ல் அந்த நில நிறுவனமே நொடித்தது. மனை வங்கியிடம் வந்தது. கழகம் வங்கியோடு பேசி நிலைத்துக்கொண்டது.

இனிமேல் சொல்வதுதான் நமக்குப் பாடம். 1993-ல் 'செல்சி பிட்ச் ஓனர்ஸ்' என்று தனி நிறுவனம் அமைத்து, ஒரு பங்கு நூறு பவுண்டு என ரசிகர்களுக்கே விற்றார்கள். ஒருவர் எத்தனை பங்கு வாங்கினாலும் நூறு வாக்குக்கு மேல் கிடையாது. 1997-ல் கழகத்தின் தாய் நிறுவனம் கொடுத்த கடனைக் கொண்டு இந்த நிறுவனம் மனையைக் கிரயம் பெற்றது. கழகத்துக்கு 199 ஆண்டுக் குத்தகை; வாடகை பேருக்குத்தான். அதோடு கழகத்தின் பெயரையும் ரசிகர்களின் நிறுவனமே வைத்துக்கொண்டது. அந்த மைதானத்தை விட்டுப் போனால் கழகம் 'செல்சி' என்ற பெயரை எடுத்துச் செல்ல முடியாது.

பெயரையும் மனையையும் ஒன்றாக முடிச்சுப் போட்டதன் அருமை எனக்குத் தெரியும். என் தகப்பனார் இருபத்திரண்டு ஆண்டு வாடகைக் கட்டடத்தில் மண்டி நடத்தினார். கட்டடக்காரர் காலமானதும் வாரிசுகள் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் எங்களைக் காலி செய்யச் சொல்லி, அதே வாசலில், ஏறக்குறைய அதே பெயரில் மண்டி போட்டார். நாங்கள் இரண்டு தெரு தள்ளிப் போனோம். கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் பழைய வாசலுக்கே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்று எங்களிடம் பதிவு செய்த குத்தகைப் பத்திரமும் இல்லை, பெயருக்குப் பதிவும் இல்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்பது சட்டம். கடைப் பெயரை வணிகச் சின்னமாகப் பதிந்தால் பத்தாண்டு உரிமை உண்டு, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

செல்சிக்குச் சோதனை 2011-ல் வந்தது. 2003-ல் கழகத்தை வாங்கியிருந்த ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் காலத்தில், மனையைத் திரும்பத் தரும்படி கழகம் கேட்டது. முக்கால் பங்கு வாக்கு வேண்டும். கிடைத்தது நூற்றுக்கு 62-க்கும் குறைவு. தீர்மானம் தோற்றது. உக்ரைன் போரையொட்டி 2022-ல் பிரிட்டிஷ் அரசு அவர் சொத்தை முடக்கியபின், கழகம் 250 கோடி பவுண்டுக்குக் கைமாறியது. மனை மட்டும் ரசிகர்களிடமே நின்றது.

இதில் நஷ்டமும் இருக்கிறது. அந்த மைதானத்தில் சுமார் 40,000 பேர்தான் அமரலாம். அதே ஊரின் ஆர்சனல் கழகம் 2006-லேயே 60,000 பேர் அமரும் புது மைதானத்துக்குப் போய்விட்டது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இருபதாயிரம் டிக்கெட் வித்தியாசம் என்றால் வரவு எவ்வளவு குறையும் என்று வியாபாரிக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்த்து வாக்களித்தவர்கள் பிடிவாதக்காரர்கள் என்று சிலர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இருந்த இடத்திலேயே இடித்துக் கட்டுவதா, வேறிடம் பார்ப்பதா என்ற பேச்சு புதிய உரிமையாளர்கள் வந்த பிறகும் ஓயவில்லை. போவதென்றால், பெயருக்காக அந்த நூறு பவுண்டு பங்குதாரர்களிடம் மறுபடியும் வந்து கேட்டாக வேண்டும்.