‘கிவ்’ என்னும் வினை

ஆங்கிலம் பயிலப் புகும் மாணாக்கர் முதலில் அறிந்துகொள்ளும் சொற்களுள் ஒன்று ‘கிவ்’ என்பது. கொடு என்பது அதன் பொருள். எளிய சொல்தான். ஆயினும், கடுஞ்சொற்கள் பலவற்றைக் கற்று முடித்தவரையும் இடறச் செய்வது இச்சிறு சொல்லே. அப், இன், அவே, அவுட், ஆஃப் என்பனவற்றுள் ஒன்று இதன் பின்னே வந்து நின்றதும், கொடுத்தற்பொருள் மறைந்து வேறொரு பொருள் தோன்றும்.

‘கிவ் அப்’ என்பது கைவிடுதலைக் குறிக்கும். மேலே கொடுத்தல் அன்று. புகைபிடிக்கும் பழக்கத்தை விட்டவனையும், மேற்கொண்ட முயற்சியை விட்டவனையும் இத்தொடராலேயே கூறுவர். பழைய ஆங்கிலக் கதையொன்றில் நோயாளியை மருத்துவர்கள் ‘கிவ் அப்’ செய்தனர் என்று வருமாயின், அவன் இனிப் பிழைப்பான் என்னும் நம்பிக்கையை அவர்கள் இழந்தனர் என்பது கருத்து. சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளும் மாணாக்கன், அவனை யாரிடமோ ஒப்படைத்தனர் போலும் என்று எண்ணி, அவ்வீட்டின் துயரத்தை அறியாமலே அப்பக்கத்தைக் கடந்து செல்வான்.

‘கிவ் இன்’ என்பது எதிர்த்து நின்றவன் இறுதியில் இணங்கிப் போதல். ‘கிவ் ஆஃப்’ என்பது புகை, மணம், வெப்பம் முதலியவற்றை வெளிவிடுதல். ‘கிவ் அவுட்’ என்பதோ விந்தையானது. ஆசிரியர் ஏடுகளை வழங்கினார் என்பதற்கும் அதுவே. மலையேறியவனின் கால்கள் ஓய்ந்துபோயின என்பதற்கும் அதுவே. இடம் நோக்கியே பொருள் துணிதல் வேண்டும்.

1755ஆம் ஆண்டில் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், இத்தகைய தொடர்கள் பிறமொழியாளர்க்குப் பெரிதும் இடர் தருவன என்பதை அதன் முன்னுரையிலேயே குறித்து, அவற்றை மிக்க கருத்தோடு தொகுத்தார். இவற்றிற்குப் ‘பிரேசல் வெர்ப்’ என்னும் பெயரைக் கூறியவர் ஹென்றி பிராட்லி. லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் தம் நூலில் அதனை எடுத்தாண்டார்.

தமிழ் மாணாக்கர் இது கண்டு மலைத்தல் வேண்டா. காட்டிக்கொடுத்தான் என்னுமிடத்து எப்பொருள் கைமாறுகின்றது? விட்டுக்கொடுத்தான் என்பதும் அத்தகையதே. காட்டிக்கொடுத்தலை ஆங்கிலத்தாரும் அவ்வினையைக் கொண்டே ‘கிவ் அவே’ என்பது வியப்பன்றோ! ஆனால், தமிழில் எச்சம் முன்னே நிற்க, கொடு என்பது பின்னே வரும். ஆங்கிலத்தில் வினை முன்னே நிற்கும். அன்றியும், ‘இட்’, ‘ஹிம்’ போன்ற சுட்டுப்பெயர் ‘கிவ் அப்’, ‘கிவ் அவே’ ஆகியவற்றிற்குச் செயப்படுபொருளாக வரின், அஃது இரு சொற்களுக்கும் நடுவே புகும். ‘கிவ் இட் அப்’ என்பதே மரபு. ‘கிவ் அப் இட்’ என்பது வழு.