பின்னால் இடித்த வண்டி

அன்புள்ள மாணவிக்கு,

நெடுஞ்சாலை ஊரில் பிசியோதெரபி கிளினிக் திறந்திருக்கிறாய். சிக்னலில் நின்ற காரைப் பின்னால் வந்த வண்டி இடித்து, அன்றைக்கு ஒன்றும் தெரியாமல், மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுந்தவர்கள் உன்னிடம் வரத்தான் போகிறார்கள். விப்லாஷ் எனப்படும் இந்தக் கழுத்து அடிக்குப் பாடத்தில் கொடுத்த இடம் கொஞ்சம். அதனால்தான் இந்தக் கடிதம்.

கை வைப்பதற்கு முன்னால் விசாரி. இடித்தது எது? எவ்வளவு வேகம்? பிறகு எழுந்து நடந்தாரா? கனடாவில் இயன் ஸ்டீல் குழுவினர் 2001-இல் வெளியிட்ட கழுத்தெலும்பு விதி உனக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். 65 வயது ஆனவர், கை கால் மரத்துப்போனவர், உருண்ட வண்டிக்குள் இருந்தவர், வெளியே தூக்கி எறியப்பட்டவர், இவர்களுக்கெல்லாம் முதலில் படம் எடுத்தாக வேண்டும். வெறுமனே பின்னால் இடிபட்டவருக்கு ஆபத்து குறைவு என்று அந்த விதி சலுகை தருகிறது. இடித்தது பஸ்ஸோ லாரியோ என்றால் அந்தச் சலுகை கிடையாது. நம் சாலைகளில் இதை மறக்கவே கூடாது. ஆபத்து குறைவு என்று தெளிவான பிறகு, தலையை இரண்டு பக்கமும் 45 டிகிரி அவராகவே திருப்பட்டும். நீ பிடித்துத் திருப்பாதே.

இதுவரை வந்திராத மாதிரியான கழுத்துவலி, தலைவலி, அதோடு இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், நடையில் தள்ளாட்டம் என்று ஏதாவது இருந்தால் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. அந்தக் குழாய்க்கு ஆபத்து என்பதால், சலூனில் கழுத்தில் நெட்டி எடுக்கிற பழக்கம் இருக்கிறதா என்றும் கேட்டு, கண்டிப்பாக நிறுத்தச் சொல்.

அடிபட்டது எப்படி என்று அவருக்குப் புரியும்படி சொல். இடி விழுந்ததும் சீட் முதுகை முன்னே தள்ளுகிறது, தலை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் கழுத்தின் கீழ்ப்பகுதி பின்னோக்கியும் மேல்பகுதி முன்னோக்கியும் வளைகின்றன. தசை இறுகிக் காப்பாற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. எலும்புகளுக்குப் பின்புறம் இருக்கும் சின்ன மூட்டுகள்தான் பெரும்பாலும் இதில் நசுங்குகின்றன. எக்ஸ்ரேயில் இது தெரியாது. தெரியாததால் வலியே இல்லை என்று சொல்லிவிடாதே.

வலிக்கிறது என்று சொல்பவரைச் சந்தேகிக்கும் வழக்கம் நம் துறையிலும் உண்டு. கேஸ் போட்டிருக்கிறார் என்றால் கேட்கவே வேண்டாம். 1996-இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் லார்ட், பார்ன்ஸ்லி, பொக்டக் ஆகியோர், கார் விபத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் வலித்துக்கொண்டே இருந்த 24 பேரை ஆராய்ந்தார்கள். அந்தச் சின்ன மூட்டுகளுக்குப் போகும் நரம்பை ஒரு பாதிப் பேருக்குச் சூட்டினால் செயலிழக்கச் செய்தார்கள். மறு பாதிக்குச் செய்வதுபோல் பாவனை மட்டும். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி பழைய அளவில் பாதிக்காவது திரும்ப நடுமதிப்பாக 263 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 8 நாள். நடிப்பவர்களிடம் இந்த வித்தியாசம் வந்திருக்குமா? ஆகவே நம்பு. உன் முகத்தில் சந்தேகம் இருந்தால் அவர் கழுத்து இன்னும் இறுகும்.

நம்பிய கையோடு பயத்தையும் கிளப்பிவிடாதே, அம்மா. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பார்த்து 'டிஸ்க் வெளியே வந்திருக்கு, எலும்பு தேய்ஞ்சிருக்கு' என்று சொல்லிவிடுவது சுலபம். ஜப்பானில் கழுத்துவலியே இல்லாத 1,211 பேரைப் படம் எடுத்து 2015-இல் வெளியிட்டார்கள், 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைத்திருந்தது. ரிப்போர்ட்டில் இருப்பதெல்லாம் அந்த இடியால் வந்ததல்ல என்பதை அவர் வீட்டாரையும் உட்காரவைத்துச் சொல்.

எலும்பு முறிவு இல்லையென்றால் காலர் வேண்டாம். நார்வேயில் 1998-இல் வந்த ஆய்வில், காலரும் லீவும் கொடுத்து ஓய்வில் வைத்தவர்களைவிட, வழக்கம்போல் இருங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் நன்றாகத் தேறினார்கள். வலி தாங்கும் அளவுக்குத் தலையைத் திருப்பட்டும், நாளில் பல தடவை. மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், ஆமாம் போடுவதுபோல் மோவாயை மெல்ல அசைத்தால் கழுத்தின் முன்புற ஆழ்தசைகள் வேலை செய்யும். இதற்கு ஒரு பாயும் தலையணையும் போதும்.

இனிச் சொல்வது உன் வருமானத்தைத் தொடும். மூன்று மாதத்துக்கு மேல் வலி நீடித்தவர்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2014-இல் லான்செட்டில் வந்தது. 20 சிட்டிங் உடற்பயிற்சிக்கும், அரை மணி நேர ஆலோசனையோடு தேவைப்பட்டால் போனில் பேசியதற்கும் பலனில் பெரிய வேறுபாடு இல்லை. முதல் நாளிலேயே பத்து சிட்டிங் பேக்கேஜுக்குப் பணம் வாங்காதே. அந்த அரை மணி நேரத்தை முழுமையாகக் கொடு, அதற்குரிய ஃபீஸை வாங்கு.

ஹாரன் சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுகிறதா, இரவில் அந்த இடி திரும்பத் திரும்ப வருகிறதா என்றும் கேள். 2019-இல் மிஷேல் ஸ்டெர்லிங் குழுவினர் ஆஸ்திரேலியாவில், விபத்தின் ஆரம்ப வாரங்களில் பயிற்சியோடு பதற்றத்தைச் சமாளிக்கும் முறைகளையும் சேர்த்துக் கற்பித்தார்கள். வெறும் பயிற்சி பெற்றவர்களைவிட இவர்கள் நன்றாக முன்னேறினார்கள். கற்பித்தவர்கள் பிசியோதெரபிஸ்டுகள்தான், ஆகவே நீயும் கற்றுக்கொள்ளலாம். நாளாகியும் தணியாவிட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்பத் தயங்காதே.

எல்லாவற்றையும் முதல் நாளே எழுதி வை: எந்தப் பக்கம் எத்தனை டிகிரி திரும்பியது, எங்கே தொட்டால் வலித்தது, கையில் பலம் எப்படி. அடுத்த முறை அவர் வரும்போது முன்னேற்றத்தைக் காட்ட அதுதான் உதவும். நஷ்டஈட்டுக் கேஸ் வருடக்கணக்கில் இழுத்தாலும், அவர் வலியைத் திரும்பத் திரும்ப நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உன் கையெழுத்தோடு அந்தத் தாள் இருக்கும்.