கருவுற்ற காலத்தில் மிதிவண்டி: எதுவரை ஓட்டலாம், எப்போது இறங்க வேண்டும்?

மரக்காணம் கடற்கரையில் மிதிவண்டி ஓர் உடற்பயிற்சிக் கருவி அன்று. அது பெண்களின் இன்னொரு கால். உப்பளத்திற்கும், ரேஷன் கடைக்கும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கும், மாதந்தோறும் மருத்துவப் பரிசோதனைக்கும் அதுவே துணை. ஆதலால், கருவுற்றிருப்பது உறுதியானவுடன் பல பெண்களின் மனத்தில் எழும் முதல் ஐயங்களுள் ஒன்று, "இனிமேல் சைக்கிள் ஓட்டலாமா?" என்பது. வீட்டிலுள்ள பெரியவர்கள் "தொடவே கூடாது" என்பார்கள். உடன் வேலை செய்பவர்களோ "நான் ஒன்பது மாதமும் ஓட்டினேனே" என்பார்கள். இவ்விரண்டில் எதையும் அப்படியே ஏற்க இயலாது. விடை ஒற்றைச் சொல்லில் அடங்குவதன்று. அது மாதத்தையும், உடல்நிலையையும், பாதையையும், சுமையையும் பொறுத்தது. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

பெண்களும் மிதிவண்டியும்

தமிழ்நாட்டில் பெண்களுக்கும் மிதிவண்டிக்கும் உள்ள உறவு எளிதில் வந்ததன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் கற்பித்தது. ஊராரின் ஏளனத்தைப் பொருட்படுத்தாது, வயலிலும் கல்குவாரியிலும் உழைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். பிறரை எதிர்பாராமல் தண்ணீர் கொண்டுவரவும், சந்தைக்குச் செல்லவும், பிள்ளையை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவும் அதனால் முடிந்தது. பின்னர் 2000களில் தமிழக அரசு பள்ளி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. அவ்வண்டியில் பள்ளிக்குச் சென்ற பெண்களில் பலர் இன்று தாய்மை அடையும் வயதில் இருக்கிறார்கள்.

ஆகவே "ஓட்டாதே" என்று சொல்வது ஒரு பெண்ணின் போக்குவரத்தையும், சில வேளைகளில் வருமானத்தையும் நிறுத்துவதாகும். உரிய காரணமின்றி அதைச் சொல்லலாகாது. காரணம் இருக்கும்போது சொல்லாமல் விடுவதும் தவறு.

இயக்கம் நன்மையே

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மருத்துவத் தடை ஏதுமில்லாத கர்ப்பிணிகள் வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலியக்கம் கொள்வது நல்லது. கர்ப்பகால நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், அளவுக்கு மீறிய எடை ஆகியவை வரும் வாய்ப்பை அது குறைக்கிறது. மிதிவண்டியை மிதிப்பதால் மட்டும் கரு கலைவதில்லை. நல்ல உடல்நிலையில் உள்ள பெண்ணுக்கு, சமமான பாதையில், மெதுவாக மிதிப்பது நடப்பதற்கு ஒப்பான இயக்கமே.

"மிதமான" என்பதை அளக்கக் கருவி தேவையில்லை. மிதித்துக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அளவு சரியானது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அளவு மீறிவிட்டது. இறங்கித் தள்ளிக்கொண்டு செல்ல வேண்டும்.

ஆபத்து மிதிப்பதில் இல்லை, விழுவதில் உள்ளது

இப்பாடத்தின் நடுநாயகமான கருத்து இதுவே. மேற்கூறிய வழிகாட்டுதலும், விழும் வாய்ப்பு மிகுந்த செயல்களைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்றே கூறுகிறது. ஏன் என்பதை அறிய, உடலில் நிகழும் மாற்றங்களை அறிய வேண்டும்.

முதல் 12 வாரங்கள் வரை கருப்பை இடுப்பெலும்புக் கூட்டினுள் பாதுகாப்பாக இருக்கிறது. இக்காலத்தில் விழுந்தால் கருப்பையில் நேரடி அடி படுவது அரிது. ஆனால் மசக்கையாலும் தலைச்சுற்றலாலும் விழும் வாய்ப்பு உண்டு. காலையில் வாந்தி எடுத்து, உணவின்றி வண்டி ஏறுவது இக்காலத்தில் பெருந்தவறு.

12 வாரங்களுக்குப் பின் கருப்பை எலும்புக் கூட்டைவிட்டு மேலெழுகிறது. 20ஆம் வாரத்தில் அது தொப்புள் மட்டத்தை எட்டுகிறது. வயிறு முன்தள்ள, உடலின் எடை மையம் மாறுகிறது. கர்ப்பகால இயக்குநீர்கள் மூட்டுகளின் இணைப்புகளைத் தளர்த்துகின்றன. பல ஆண்டுகள் ஓட்டிப் பழகிய பெண்ணுக்கும் சமநிலை முன்போல் இராது. திடீரெனப் பிரேக் பிடித்து ஒரு காலை ஊன்றும்போதுதான் இக்குறை வெளிப்படும்.

இப்பருவத்தில் வயிற்றில் அடிபட்டால் நிகழக்கூடிய பேராபத்து நஞ்சுக்கொடி பிரிதல். கருப்பைச் சுவர் நெகிழ்ந்து கொடுக்கும் தன்மையுடையது. நஞ்சுக்கொடிக்கு அத்தன்மை இல்லை. அடியின் விசையில் சுவர் நெகிழும்போது, நெகிழாத நஞ்சுக்கொடி அதிலிருந்து பிரியக்கூடும். குழந்தைக்கு உயிர்வளியும் உணவும் செல்லும் வழி அதுவே என்பதால், பிரிவு பெரிதானால் தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. சில வேளைகளில் இரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்கிவிடும். "இரத்தம் படவில்லை, ஆகவே ஒன்றுமில்லை" என்று எண்ணுதல் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

நம் கடற்கரையின் தனி இடர்கள்

நூல்களில் காணும் அறிவுரை பெரும்பாலும் நகரத்துச் சாலையை மனத்தில் கொண்டது. மரக்காணத்தில் பாதை வேறு.

முதலாவது, உப்பள வரப்பு. ஈரக் களிமண்ணும் உப்பும் கலந்த வரப்பில் சக்கரம் வழுக்கும். கருவுற்ற பெண் எந்த மாதத்திலும் வரப்பின்மீது ஓட்டுதல் வேண்டா. சாலை முடியுமிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து செல்க.

இரண்டாவது, இருள். வெயிலுக்கு அஞ்சி விடியலுக்கு முன்பே வேலைக்குச் செல்வது உப்பளத் தொழிலாளர் வழக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்நேரத்தில் விரையும் பேருந்துக்கும் லாரிக்கும் விளக்கில்லாத மிதிவண்டி கண்ணில் படாது. அச்சாலையில் இருளில் ஓட்டுவதைக் கர்ப்பிணிகள் அறவே தவிர்க்க வேண்டும்.

மூன்றாவது, உப்புக் காற்று. அது பிரேக் கம்பியையும் செயினையும் விரைவில் துருப்பிடிக்கச் செய்கிறது. நேற்று பிடித்த பிரேக் இன்று பிடிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

நான்காவது, வெப்பம். வெண்ணிற உப்புப் பரப்பு வெயிலைத் திருப்பி அடிக்கிறது. ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கண்காணித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததாகக் கூறியுள்ளனர். ஆகவே வெயிலில் நாள் முழுதும் உப்பு வாரிவிட்டு, நண்பகலில் வண்டி மிதித்து வீடு திரும்பும் பெண்ணுக்கு வண்டி மட்டுமே பிரச்சினையன்று. வேலை நேரமும், நிழலும், குடிநீரும் சேர்ந்தே பிரச்சினை.

இரத்தசோகையை அளந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்

கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் அளவு 11 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. 7 கிராமுக்குக் குறைந்தால் கடும் இரத்தசோகை. இரத்தம் குறைந்தவருக்குச் சிறிது மிதித்தாலே படபடப்பும் கண் இருட்டலும் வரும். வண்டியின்மீது அது நேர்ந்தால் விழுவது உறுதி. 10 கிராமுக்குக் குறைந்திருப்பவர், மருத்துவர் ஒப்புதல் தரும்வரை ஓட்டாதிருப்பதே நலம். இரும்புச்சத்து மாத்திரையை நாள்தோறும் தவறாது உட்கொள்க. தேநீர், காப்பியோடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து உட்கொள்ளாதீர். அவை இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும்.

யார் ஓட்டவே கூடாது?

பின்வருவோர் எம்மாதமாயினும் மிதிவண்டியைத் தவிர்க்க வேண்டும்:

- பிறப்புறுப்பில் இரத்தப்போக்கு உள்ளவர்
- நஞ்சுக்கொடி கீழே அமைந்திருப்பதாக ஸ்கேனில் கண்டறியப்பட்டவர்
- உயர் இரத்த அழுத்தம், முகம் அல்லது கை வீக்கம், வலிப்பு உள்ளவர்
- முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர், கருப்பை வாயில் தையல் இடப்பட்டவர்
- இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்
- இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்
- இதற்குமுன் மிதிவண்டி ஓட்டிப் பழகாதவர்

கடைசியாகக் கூறியது முக்கியமானது. கருவுற்ற காலம் புதிதாக ஓட்டக் கற்கும் காலமன்று.

ஓட்டுபவர் கடைப்பிடிக்க வேண்டியவை

தடை ஏதுமில்லாதவர், மருத்துவரிடம் கேட்டறிந்து, இவ்வாறு ஓட்டலாம்.

குறுக்குக் கம்பி இல்லாத, தாழ்வான நடுப்பகுதியுடைய பெண்கள் வண்டியே ஏற்றது. அமர்ந்த நிலையில் இரு பாதங்களும் தரையில் முழுதாகப் பதியும் அளவுக்கு இருக்கையைத் தாழ்த்துக. முதுகு நிமிர்ந்திருக்கும்படி கைப்பிடியை உயர்த்துக. இரண்டு பிரேக்கையும் நாள்தோறும் சோதிக்க. வாரம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய் இடுக. புடவை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காதபடி இடுப்பில் செருகுக. பின்சக்கரத்திற்கு வலைக்காப்புப் பொருத்துக.

கேரியரில் தண்ணீர்க் குடமோ, மூட்டையோ, ஆளோ ஏற்றாதீர். பக்கவாட்டில் தொங்கும் குடம் சாயும்போது வண்டியையும் உடன் சாய்த்துவிடும். அரை மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து ஓட்டாதீர். நண்பகல் வெயிலில் ஓட்டாதீர். புறப்படுமுன் உணவும் நீரும் கொள்க.

20 வாரங்களுக்குப் பின் இன்றியமையாத குறுந்தொலைவுக்கு மட்டும் ஓட்டுக. 28 வாரங்களுக்குப் பின் இறங்கிவிடுதலே எங்கள் அறிவுரை. அதற்கு முன்பேனும், முழங்கால் வயிற்றில் இடித்தாலோ, ஒருமுறை தடுமாறினாலோ, அன்றே நிறுத்துக. ஓட்ட விரும்புவோர்க்கு, நிலையாகப் பொருத்தப்பட்ட உடற்பயிற்சி மிதிவண்டி விழும் அச்சமற்றது. அது இல்லாதவர்க்கு நடையே போதும்.

நியூசிலாந்து நாட்டு அமைச்சராக இருந்த ஜூலி ஆன் ஜென்டர் 2018இல் தம் பிரசவத்திற்காக மருத்துவமனைக்கு மிதிவண்டியிலேயே சென்றதாகச் செய்திகளில் வந்ததை வாசகர் சிலர் படித்திருக்கலாம். அவர் சென்றது மின்விசை உதவியுள்ள வண்டியில். தொலைவும் மிகக் குறைவு. அவருடைய துணிவைப் போற்றலாம். நம் சாலையில் அதைப் பின்பற்றுதல் வேண்டா. வலி கண்டவுடன் 108ஐ அழையுங்கள்.

விழுந்துவிட்டால்

வெட்கப்பட்டு மறைக்காதீர். "திட்டுவார்களே" என்று அஞ்சிச் சொல்லாமல் விடுவதே பெருந்தீங்கு. 20 வாரங்களுக்குமேல் உள்ளவர், வலியில்லாவிடினும், அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். சில மணி நேரம் குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணித்தே வீட்டிற்கு அனுப்ப இயலும்.

இரத்தப்போக்கு, நீர்ப்போக்கு, விட்டுவிட்டு வரும் வலி, வயிறு கல்போல் இறுகுதல், குழந்தையின் அசைவு குறைதல், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 108ஐ அழைத்துப் படுத்த நிலையில், இடப்புறம் சாய்ந்து வருக. இரத்த வகை நெகட்டிவ் ஆக உள்ளவர் அதை மறவாது தெரிவிக்க வேண்டும். அவருக்கு 72 மணி நேரத்திற்குள் ஓர் ஊசி தேவைப்படலாம்.

குடும்பத்தார்க்கு

ஒரு பெண் வண்டியைவிட்டு இறங்கினால், அவள் செய்துவந்த பயணங்களை வேறொருவர் ஏற்க வேண்டும். "ஓட்டாதே" என்று கூறிவிட்டுத் தண்ணீரையும், ரேஷனையும், பிள்ளையின் பள்ளிப் பயணத்தையும் அவளிடமே விட்டுவைப்பது அறிவுரையன்று, தண்டனை. கணவரும், மாமியாரும், நாத்தனாரும் அமர்ந்து, யார் எதைச் செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்க. கணவரின் இருசக்கர வாகனத்தில் பின்னால் அமர்வதும் முற்றிலும் பாதுகாப்பானதன்று. மெதுவாக, குழி தவிர்த்து, தலைக்கவசத்துடன் செல்க.

வேலையைக் குறைப்பதால் நேரும் இழப்பைச் சிறிது ஈடுசெய்ய, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தகுதியுடையோர்க்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்பில் உதவி கிடைக்கும். கருவுற்றதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் விரைவில் பதிவு செய்தவர்க்கே அது தடையின்றி வந்து சேரும். மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு வழங்கும் 5,000 ரூபாய் நிவாரணத்தையும் கேட்டுப் பெறுக.

பிரசவத்திற்குப் பின்

சுகப்பிரசவமாயினும் அறுவைச் சிகிச்சையாயினும், ஆறாம் வாரப் பரிசோதனையில் மருத்துவர் ஒப்புதல் தந்தபின் மீண்டும் ஓட்டத் தொடங்கலாம். கைக்குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு ஓட்டுதல் எக்காலத்தும் கூடாது.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, எதில் வந்தீர்கள், எவ்வளவு தொலைவு, எந்நேரம் என்பதைச் செவிலியரிடம் கூறுங்கள். இரத்த அழுத்தத்தையும் எடையையும் போலவே அதுவும் நாங்கள் அறிய வேண்டிய செய்தி. வண்டியைச் சில மாதங்கள் சுவரோரம் சாய்த்து வைப்பதால் கற்ற கலை மறந்துபோகாது. பிள்ளை பிறந்தபின் அது உங்களுக்காகக் காத்திருக்கும்.